ஜாரியாவின் தரை ஏன் உள்வாங்குகிறது?

ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத் மாவட்டத்தில் உள்ள ஜாரியாவில், 2017 மே மாதம் சாலையோரத் தரை திடீரெனப் பிளந்து ஒரு தந்தையையும் மகனையும் விழுங்கியது. நிலநடுக்கம் ஏதுமில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலக்கரி வெட்டப்படும் ஊர் அது. 1916 முதல் அடியில் தீயும் எரிகிறது.

சுரங்கத்தின் கூரையைத் தாங்க, நிலக்கரியையே ஆங்காங்கே தூண்களாக விட்டுவைப்பார்கள். பிறகு அவற்றையும் வெட்டினாலோ, தீ அவற்றைத் தின்றாலோ கூரை சரியும். அதன்பின் நடப்பதைத் தீர்மானிப்பது ஆழம். பாறை நொறுங்கினால் முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆகவே ஆழமான சுரங்கத்தில் விழுந்த கற்களே வெற்றிடத்தை நிரப்பிச் சரிவைத் தடுத்துவிடும். மேலே தரை அகலமாக, மெல்லத் தாழும். ஆழம் குறைவென்றால், இடம் அடைபடுவதற்குள் சரிவு தரையை எட்டிவிடும். கிணறுபோல் குழி திறக்கும். பழைய சுரங்க முதலாளிகள் முதலில் கைவைத்தது மேலடுக்குகளில்தான். ஜாரியாவும் அண்டையிலுள்ள ராணிகஞ்சும் இந்த இரண்டாம் வகைக்கே அதிகம் அஞ்சுகின்றன.

மெல்லத் தாழும் தரையை அளப்பது கடினமில்லை. வெட்டும் பகுதிக்கு மேலே வரிசையாக அளவுக்கற்கள் நட்டு, வேலைக்கு முன்பும் பின்பும் மட்டம் பார்ப்பார்கள். எவ்வளவு இறங்கியது என்பதோடு, பக்கத்துப் பக்கத்துக் கற்களின் இடைவெளி எவ்வளவு நீண்டது என்பதும் முக்கியம்; அந்த இழுவைதான் வீட்டுச் சுவரில் விரிசலை உண்டாக்குகிறது. இப்போது ரேடார் செயற்கைக்கோள்களும் சென்டிமீட்டருக்குக் குறைவான அசைவைக் காட்டுகின்றன. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்க்கிறது; அதன் நீண்ட அலை செடிகொடிகளை ஊடுருவும்.

குழி விழுவதற்கோ 12 நாள் தேவையில்லை. அதை முன்கூட்டியே அறிய, அடியில் எங்கே வெற்றிடம் இருக்கிறது என்ற வரைபடம்தான் வேண்டும். 1971-73 நிலக்கரித் தேசியமயத்துக்கு முந்தைய பல சுரங்கங்களுக்கு நம்பகமான வரைபடம் கிடையாது. விண்ணிலிருந்து அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, காலடியில் தோண்டியது தெரியவில்லை!

பழுது பார்ப்பதும் எளிதல்ல. விரிசலில் களிமண் திணித்தால் மழைநீர் இறங்காது, தீக்குக் காற்றும் போகாது. குழியில் மண் கொட்டுவது மட்டும் ஒப்புக்குச் செய்யும் வேலை; அடியில் வெற்றிடம் அப்படியே இருந்தால் அடுத்த மழையில் மண்ணும் இறங்கிவிடும். முறையான வழி, மேலிருந்து துளையிட்டு நீரோடு மணலைச் செலுத்துவது. மணல் துளையடியிலேயே குவிந்துவிடுவதால் பல துளைகள் போட வேண்டும். நிரம்பியதா என்று பார்க்க மீண்டும் துளையிட வேண்டும். தாமோதர் ஆற்று மணல் கிராக்கியாகிவிட்டதால் அனல்மின் நிலையச் சாம்பலையும் நாடுகிறார்கள். வெட்டும்போதே மணல் நிரப்புவதற்காக 1939-லேயே ஒரு சட்டம் வந்தது. அன்று முழுதாக நிரப்பியிருந்தால் இன்றைய செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

நிரப்ப முடியாத இடங்களில் மக்களை இடம்பெயர்க்கிறார்கள். ஜாரியா, ராணிகஞ்ச் ஆகிய இரு நிலக்கரி வயல்களுக்குமாக 2009-ல் ரூ.7,112 கோடியில் திட்டம் வந்தது. ஜாரியாவுக்கான திருத்திய திட்டம் 2025 ஜூனில் ரூ.5,940 கோடியில் ஒப்புதல் பெற்றது. ஊருக்கு வெளியே வீடு கிடைத்தாலும் பிழைப்பு பழைய இடத்திலேயே இருந்ததால், பலர் நகரத் தயங்கினார்கள். புதிய திட்டத்தில் குடும்பத்துக்கு ரூ.1 லட்சம் வாழ்வாதார உதவியும் ரூ.3 லட்சம் வரை கடன் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளன.