இணைய வகுப்பின் புதிய வாசல்

இந்தியத் தலைநகர் வட்டாரத்தில் நவம்பர் மாதம் பிறந்ததும், பள்ளிகள் இருவகை ஏற்பாடுகளோடு ஆயத்தமாகிவிடுகின்றன. காற்று மாசு எல்லை மீறினால் வகுப்பறை மூடப்படும். பாடம் வீடு தேடி வரும். 2024 நவம்பர் 18 அன்று, அவ்வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நேரடி வகுப்புகள் அனைத்தையும் நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. ஒரு வாரத்திற்குப் பின்னரே, நேரடியாகவும் இணையத்திலும் கலந்து பாடம் நடத்தும் முறைக்கு அனுமதி கிடைத்தது. கொரோனாக் காலத்தோடு முடிந்துவிட்டதென நாம் எண்ணியிருந்த காணொளி வகுப்பு, இன்று பெருநகரப் பள்ளிகளில் ஒரு நிலையான மாற்று ஏற்பாடாகிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பும், விடுமுறைக் காலச் சிறப்பு வகுப்பும் கூட அதே வழியில் நடைபெறுகின்றன.

எனவே, ஒரு பள்ளி தன் காணொளிக் கூட்டத் தளத்தை மாற்றுகிறது என்பது கணினி ஆசிரியரின் தனிக் கவலையாக இருக்க இயலாது. பழைய இணைப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் செயல்படாமல் போகும்போது, எந்தக் குழந்தை வகுப்புக்கு வெளியே நிற்கிறது என்பதே கேள்வி. அந்தக் குழந்தையின் பெற்றோர் பதற்றத்தில் யார் அனுப்பிய இணைப்பைத் தொடுகிறார்கள் என்பது அதனினும் பெரிய கேள்வி.

பள்ளிகள் ஏன் மாறுகின்றன?

முதற்காரணம் பாதுகாப்பு. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில், இணைய வகுப்பொன்றினுள் அந்நியர் நுழைந்து தகாத படங்களைக் காட்டியதால், ஆசிரியர்கள் ஜூம் தளத்தைப் பயன்படுத்துவது சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. நியூயார்க் நகரப் பள்ளிகளும் அதே மாதத்தில் ஜூமைக் கைவிட்டன. கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பின் மே மாதத்தில் மீண்டும் அனுமதித்தன. நம் நாட்டில், 2020 ஏப்ரல் 16 அன்று வெளியான உள்துறை அமைச்சக அறிவுரை, அரசு அலுவலர்கள் அலுவல் பணிக்கு அத்தளத்தைப் பயன்படுத்தலாகாது எனக் கூறியது. தனிநபர்களுக்குத் தடை விதிக்கவில்லை. கடவுச்சொல், காத்திருப்பு அறை ஆகியவற்றைக் கட்டாயம் பயன்படுத்தும் வழிமுறைகளை விளக்கியது. ஜூம் நிறுவனமும் அம்மாதத் தொடக்கத்தில் அவ்விரண்டையும் இயல்பு அமைப்புகளாக்கியது. தளத்தின் பெயரைக் காட்டிலும், அதன் அமைப்புகளை யார் எப்படிச் சரிசெய்கிறார் என்பதே பாதுகாப்பை முடிவு செய்கிறது என்பது அந்த ஆண்டு கற்பித்த பாடம்.

இரண்டாவது காரணம் கால வரம்பு. ஜூமின் கட்டணமில்லாச் சேவையில் ஒரு கூட்டம் 40 நிமிடங்களில் முடிந்துவிடும். கூகுள் மீட்டின் கட்டணமில்லாத் தனிநபர் கணக்கில், மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பங்கேற்கும் கூட்டத்திற்கு 60 நிமிடங்கள். வருகைப் பதிவுக்கு ஐந்து நிமிடம், ஒலி கேட்கிறதா என்ற விசாரிப்புக்கு ஐந்து நிமிடம் போக, கணக்கின் கடைசிப் படியை எழுதும்போது திரை அணைந்துவிட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? இதனாலேயே பல பள்ளிகள், கல்வி நிறுவனங்களுக்கென வழங்கப்படும் தனிச் சேவைகளுக்கு மாறுகின்றன. அங்கு ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளியின் பெயரிலேயே கணக்கு கிடைக்கும். அக்கணக்கு இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவைக்கலாம்.

மூன்றாவது காரணம் நம் கையில் இல்லாதது. 2003-இல் தொடங்கிய ஸ்கைப் சேவையை மூடப்போவதாக 2025 பிப்ரவரி இறுதியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மே 5-இல் மூடியது. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பயனர்களுக்குக் கிடைத்த கால இடைவெளி சற்றேறக்குறைய இரண்டு மாதங்களே.

மாற்றத்தில் விடுபடுவோர்

பள்ளியின் பார்வையில் மாற்றம் ஒரே நாளில் முடிந்துவிடும். கணக்குகள் உருவாக்கப்படும், சுற்றறிக்கை அனுப்பப்படும், வகுப்பு தொடங்கும். முதல் நாளிலேயே நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் வந்துவிட்டால் அது வெற்றியாகவே தோன்றும். எஞ்சிய ஐந்து வீடுகளில் என்ன நிகழ்கிறது என்பதைப் பார்த்தால்தான் மாற்றத்தின் உண்மையான விலை புரியும்.

ஒரு வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். இன்னொரு வீட்டில் கைப்பேசி பழையது. புதிய செயலியை அது ஏற்பதில்லை, அல்லது சேமிப்பிடம் நிரம்பியிருக்கிறது. மூன்றாவது வீட்டில் அக்காளும் தம்பியும் ஒரே கருவியைப் பகிர்கிறார்கள். அக்காளின் கணக்கிலிருந்து வெளியேறாமல் தம்பி வகுப்பில் நுழைய முயல்கிறான். நான்காவது வீட்டில் தந்தையின் சொந்தக் கணக்கு திறந்திருப்பதால், ஆசிரியரின் திரையில் அறிமுகமற்ற ஒருவரின் பெயர் தெரிகிறது. பாதுகாப்பு விதியைச் சரியாகப் பின்பற்றும் ஆசிரியர் அனுமதி மறுக்கிறார். ஐந்தாவது வீட்டில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரவுத் திட்டம். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்திற்கு 1 ஜிபிக்கு மேலும் எடுத்துக்கொள்ளும் என்பதால், இரண்டாம் வகுப்புக்குள் அன்றைய தரவு தீர்ந்துவிடுகிறது.

இவர்களில் ஒருவரும் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசிக் குறை கூறுவதில்லை. ‘நமக்குத்தான் தெரியவில்லை’ என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் சில பெயர்களுக்கு எதிரே தொடர்ந்து ‘வரவில்லை’ என்று பதிவாகிறது.

நல்ல மாற்றத்தின் இலக்கணம்

இத்தகைய இடர்ப்பாடுகளைக் குறைப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. முதலில் ஒரே ஒரு வகுப்பில் வெள்ளோட்டம் பார்க்கலாம். பின்னர் குறைந்தது இரண்டு வாரங்களுக்குப் பழைய தளமும் புதிய தளமும் ஒருசேரச் செயல்பட வேண்டும். பாடம் ஏதுமின்றி, நுழைந்து பார்ப்பதற்காகவே பெற்றோருக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கலாம். அப்போது கைப்பேசியும் வீட்டில் இருக்கும், தந்தையும் இருப்பார். வீட்டில் பேசும் மொழியில், படங்களுடன், அரைப் பக்கத்திற்கு மிகாத விளக்கம் போதும். தேர்வு வாரத்திலும் கட்டணம் செலுத்தும் கடைசி நாட்களிலும் மாற்றத்தைத் தொடங்காமலிருப்பது நன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. வெள்ளோட்டத்திற்கு வராதவர்களின் பட்டியலை எடுத்து, வகுப்பாசிரியரே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். ஐந்து அழைப்புகளில் முடிந்துவிடும் வேலை இது. பழைய தளத்தை எப்போது மூடுவது என்பதை நாட்காட்டி முடிவு செய்யக்கூடாது. அந்தப் பட்டியல் காலியாவதே முடிவு செய்ய வேண்டும். பதிவு செய்த பாடங்களும் வருகைக் கணக்கும் பழைய தளத்தில் சிக்கிவிடாமல் முன்னதாகவே எடுத்துவைப்பதும் பள்ளியின் பொறுப்பு.

நேர அளவிலும் நிதானம் தேவை. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல்கள், எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகாமலும், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு அமர்வுகளுக்கு மிகாமலும் நடத்தப் பரிந்துரைத்தன. புதிய தளத்தில் கால வரம்பு இல்லை என்பதற்காகக் குழந்தைகளை நாள் முழுதும் திரை முன் அமர்த்த வேண்டியதில்லை.

ஒரே கைப்பேசியில் வகுப்பும் வங்கியும்

வாடிக்கையாளர்கள் தனிக்கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. குழந்தை வகுப்புக்குப் பயன்படுத்தும் கைப்பேசியே, பெரும்பாலான வீடுகளில், வங்கிச் செயலியும் யூபிஐ கணக்கும் உள்ள கைப்பேசி. தளம் மாறும் நாட்களில் பெற்றோர் புதிய செயலி, புதிய இணைப்பு, புதிய கடவுச்சொல் ஆகியவற்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். ‘பள்ளியிலிருந்து பேசுகிறோம்’ என்ற ஒரு செய்தி அப்போது ஐயமின்றி ஏற்கப்பட்டுவிடும். மோசடிக்காரர்கள் விரும்புவதும் இத்தகைய தருணத்தையே.

காணொளித் தளங்களின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை எவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதற்குச் சான்று உண்டு. காவல்துறை, சிபிஐ அலுவலர்களாக நடித்து மக்களை மிரட்டிப் பணம் பறிக்கப் பயன்பட்ட 1,000-க்கும் மேற்பட்ட ஸ்கைப் கணக்குகளை மைக்ரோசாஃப்டுடன் இணைந்து முடக்கியதாக 2024 மே மாதத்தில் உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. திரையில் ஒரு முகம் தெரிவதாலேயே பேசுபவர் மெய்யானவர் ஆகிவிடமாட்டார்.

ஆகவே சில பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். செயலியை உங்கள் கைப்பேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பை எவர் அனுப்பியிருந்தாலும் திறக்காதீர்கள். வகுப்பில் சேர ஒலிவாங்கியும் கேமராவும் போதும். குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதி கேட்கும் செயலியை ஏற்காதீர்கள். உதவி செய்வதாகக் கூறி எவரேனும் தொலைவிலிருந்து திரையைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். நீங்கள் திரையைப் பகிரும்போது வரும் ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் எதிரில் இருப்பவருக்கும் தெரியும். பதிவுக் கட்டணம் என்றோ, கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றோ யூபிஐ பின் எண்ணை உள்ளிடச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். பின் எண் பணம் செலுத்துவதற்கே, பெறுவதற்கு அது தேவையில்லை. குழந்தையிடம் கைப்பேசியைக் கொடுக்குமுன் வங்கிச் செயலிகளுக்குத் தனிப் பூட்டு இடுங்கள். பணம் பறிபோனால், சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

இதற்கு வங்கித் துறையிலேயே ஒரு முன்மாதிரி உள்ளது. காணொளி வழியே வாடிக்கையாளரை அடையாளம் காணும் முறையை 2020 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த அழைப்பு வங்கியின் சொந்தப் பாதுகாப்பான இணையக் களத்திலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கெனப் பயிற்சி பெற்ற வங்கி அலுவலரே அதை நடத்த வேண்டும் என்பது விதி. பள்ளிகளும் இதைப் பின்பற்றலாம். எல்லா வகுப்பு இணைப்புகளும் பள்ளியின் இணையதளத்திலோ, ஏற்கெனவே பழகிய ஒரே குழுவிலோ மட்டும் வெளியாகும் என முன்கூட்டியே அறிவித்துவிட்டால், வேறு வழியில் வரும் எதையும் பெற்றோர் தயக்கமின்றி ஒதுக்கிவிடுவர்.

குழந்தையின் முகமும் ஒரு தரவே

புதிய தளம் குழந்தையின் பெயர், குரல், முகம், வீட்டின் உட்புறம் அனைத்தையும் பார்க்கிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரங்களையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

வகுப்பு பதிவு செய்யப்படுகிறதா, பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம், பழைய தளத்திலுள்ள கணக்குகள் அழிக்கப்பட்டனவா ஆகிய நான்கு கேள்விகளை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுப்புங்கள். இவற்றுக்குத் தெளிவாக விடையளிக்கும் பள்ளி, எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நம்பத்தக்கதே. அதே கூட்டத்தில், உங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தை புதிய தளத்தில் நுழைந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். ஆசிரியரின் தொலைபேசி அழைப்புக்கு முன்பே, அண்டை வீட்டாரின் பத்து நிமிட உதவி அக்குழந்தையை வகுப்பில் அமர்த்திவிடக்கூடும்.