ஒட்டோ கியர் உதைக்கிறதா? கியர்பொக்ஸைக் கழற்ற முன் இவற்றைப் பாருங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நம்மில் அநேகர் கையிலிருந்த பழைய வாகனத்தையே ஓட்டிச் சமாளித்தோம். இன்றும் பலர் கடைக்குச் சாமான் ஏற்றுவது பதினைந்து, இருபது வருடம் ஓடிய வாகனங்களில்தான். அவற்றில் ஒட்டோ கியர் வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு, கியர் மாறும்போது உதைக்கிறது என்பதாகும். கராஜில் கிடைக்கும் பதிலும் பல வேளைகளில் ஒன்றுதான். "கியர்பொக்ஸ் முடிஞ்சி நானா, மாத்தத்தான் வேணும்."

மாற்றுவதென்றால் பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். செலவு இலட்சக் கணக்கில் வரும். வாகனம் நிற்கும் நாட்களுக்கு வாடகை வேன் வேறு. ஆனால் உதைப்புக்குக் காரணம் எப்போதும் கியர்பொக்ஸுக்குள்ளே இருப்பதில்லை. எனவே, செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி ஒழுங்காகப் பார்த்து வருவதே வியாபாரிக்கு இலாபம்.

முதலில், எப்போது உதைக்கிறது என்பதை இரண்டு நாட்கள் கவனித்து எழுதி வையுங்கள். எஞ்ஜின் குளிராக இருக்கும்போதா, சூடேறிய பிறகா? நின்ற இடத்தில் டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ போடும்போதா, ஓடும்போது முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போதா? அண்மையில் பற்றரி கழற்றிப் பூட்டப்பட்டதா? சில வாகனங்களில் பற்றரியைக் கழற்றினால் கொம்பியூட்டர் பழகி வைத்திருந்த கணக்கு அழிந்துவிடும். சில நாட்கள் ஓடிய பின் தானாகச் சீராகும்.

நின்ற இடத்தில் கியர் போடும்போது மட்டும் 'டொக்' என்று இடித்தால், எஞ்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள். எஞ்ஜினைத் தாங்கும் றப்பர் அது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் நன்றாக மிதித்துக்கொண்டு ஒருவர் டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றட்டும். மற்றவர் பொனட்டைத் திறந்து, வாகனத்தின் முன்னால் நில்லாமல், பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். எஞ்ஜின் துள்ளி எழுந்தால் மவுண்ட் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவருக்கு கியர்பொக்ஸ் மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கராஜில் இரண்டு மவுண்ட் மாற்றியதோடு இடிப்பு நின்றது. பின்சக்கரம் இழுக்கும் வேன் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜொயின்ட் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும்.

அடுத்து எஞ்ஜினின் சும்மா சுற்றும் வேகம். சூடேறிய பின்னும் ஆர்.பி.எம். முள் 1000ஐத் தாண்டி நின்றால், டிரைவுக்குப் போட்டவுடன் வாகனம் துள்ளும். திரொட்டில் பொடியில் அழுக்கு அல்லது எங்கேனும் காற்றுக் கசிவு இருக்கலாம்.

மூன்றாவது ஒயில். ஒட்டோ கியரில் கிளச் தட்டுகளை இறுக்குவது ஒயிலின் அழுத்தம்தான். ஒயில் குறைந்தாலும் அழுத்தம் குறையும். கூடினாலும் நுரை கட்டி அதே கோளாறு வரும். டிப்ஸ்டிக் உள்ள டொயோட்டாக்களில் வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்ஜின் சூடாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். பழைய ஹொண்டாக்களில் எஞ்ஜினை நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும். கைநூலைப் பார்த்துச் செய்வது நல்லது. ஒயில் தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. கருத்து, எரிந்த வாடை வீசினால் கிளச் தட்டு தேய்ந்திருக்கிறது. பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சேர்ந்திருக்கலாம், ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

எந்த ஒயில் என்பதும் முக்கியம். டொயோட்டாவில் டீ-ஃபோர் கேட்கும் பெட்டிக்கும் டப்ளியூ.எஸ். கேட்கும் பெட்டிக்கும் ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக் கூடாது. சீ.வீ.டீ. பெட்டிக்கு அதற்கென்றே உள்ள ஒயில்தான் வேண்டும். மலிவாக இருக்கிறதென்று 'எல்லாவற்றுக்கும் ஒன்றே' என்ற ஒயிலை ஊற்ற விடாதீர்கள். இன்னொன்று, அடி நட்டைக் கழற்றினால் பழைய ஒயிலில் ஒரு பகுதிதான் வெளியேறும். எனவே ஒருமுறை மாற்றியதும் முழுவதும் புதிதாகிவிட்டது என எண்ண வேண்டாம்.

நான்காவது ஸ்கேன். பழைய டொயோட்டாக்களில் 'ஓ.டீ. ஓஃப்' விளக்கு விட்டு விட்டு மின்னினால் கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். ஸ்கேனில் பீ0700 வந்தால், கியர் பக்கம் ஏதோ கோளாறு என்ற பொது அறிவிப்பு மட்டுமே அது. பீ0750 என்றால் கியர் மாற்றும் சொலனாய்ட் எனும் சிறு மின்வால்வின் பக்கம் கோளாறு. வயரா, சொலனாய்டா என்று சோதிக்காமல் பெட்டியைக் கழற்றுவது அவசரம். ஏற்றத்தில் உதறுவது பல வேளைகளில் பிளக், கொயில் கோளாறாகவும் இருக்கும்.

பெட்டி உண்மையிலேயே பழுதென்பதற்கு அடையாளங்கள் வேறு. எக்ஸிலேட்டரை மிதிக்க ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கழற்றிய ஒயில் தட்டில் உலோகத் துண்டுகள் கிடக்கின்றன. இவை இருந்தால் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாகனத்தின் வகையையும் அறிந்திருங்கள். ஏ.ஜீ.எஸ். உள்ள சுஸூகி எவ்ரி போன்றவற்றில் இருப்பது சாதாரண மெனுவல் கியர்பொக்ஸ். இயந்திரம் அதை மாற்றுகிறது. அதில் இலேசான குலுக்கல் இயல்பு. பிரியஸ், அக்குவா ஹைபிரிட்களில் படிப்படியாக மாறும் கியரே இல்லை. அங்கே உதைப்பு வந்தால் தேட வேண்டிய இடமும் வேறு.

பழைய ஒட்டோ வாகனம் வாங்கப் போகிறவர்கள், எஞ்ஜின் குளிராக இருக்கும் காலை நேரத்தில் போய், தாமே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த வாகனம் சில கோளாறுகளை மறைத்துவிடும். பின்னர் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சூடேறிய பின் மட்டும் தலைகாட்டும் கோளாறுகளும் உண்டு.

கராஜில் பெட்டி மாற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். மவுண்ட் பார்த்தீர்களா? ஒயிலை எனக்குக் காட்டுவீர்களா? ஸ்கேனில் வந்த இலக்கம் என்ன? மூன்றுக்கும் தெளிவான பதில் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். பதில் வராவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு கராஜில் காட்டிவிட்டு வாருங்கள்.