கூடுவிட்டுக் கூடு பாயும் சேவையகம்

வணிக நிலையமொன்றின் உயிர்நிலை யாதென வினவின், முற்காலத்தார் கணக்கேடு என்பர். இக்காலத்தார் சேவையகம் என்பர். வாடிக்கையாளர் கணக்கு, பண்ட இருப்பு, சம்பளப் பதிவு ஆகிய யாவும் அவ்வொரு கணினியிலே தங்கியுள்ளன. ஆயின், அவற்றைத் தாங்கும் பொறியோ அழியுந் தன்மையது. வன்தட்டுத் தேயும்; மின்வழங்கி பழுதுறும்; உதிரிப்பாகங்கள் கிடையாதொழியும். பழைய பொறியினின்றும் புதிய பொறிக்குச் சேவையகத்தைச் சிதைவின்றி மாற்றுதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பணிசெயல் முறைமையையும் மென்பொருள்களையும் புதிய பொறியிலே ஒவ்வொன்றாக மீள நிறுவுதல் ஒரு வழி. எனினும், பல்லாண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செய்யப்பட்ட ஒழுங்குகளை அவ்வாறே மீள ஆக்குதல் அரிது. பழைய வன்தட்டைக் கழற்றிப் புதிய பொறியிற் பொருத்தலாமே எனின், அதுவும் எளிதன்று. பழைய முறைமை தான் அறிந்த தட்டுக் கட்டுப்படுத்தியையே தேடும். புதியதற்குரிய இயக்கி மென்பொருள் இல்லாவிடின், விண்டோஸ் முறைமை 0x0000007B என்னும் வழுவைக் காட்டித் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

இவ்விடர்ப்பாட்டிற்கு மாற்றாக அமைவது மெய்நிகர்ப் பொறி. ஒரு கணினியினுள்ளே மென்பொருளால் மற்றொரு கணினியை ஆக்கும் இக்கருத்துப் புதியதன்று. 1960களிலே ஐ.பி.எம். நிறுவனத்தார் இதனைச் செய்துகாட்டி, 1972இல் விஎம்/370 என வெளியிட்டனர். 1999இல் விஎம்வெயார் நிறுவனம் இதனை மேசைக் கணினிக்குங் கொணர்ந்தது. 2008இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் ஹைப்பர்-வி வெளிவந்தது. மெய்நிகர்ப் பொறிக்கு வன்தட்டாக அமைவது ஒரு கோப்பேயாம். அதுவே தட்டு விம்பம். மெய்நிகர்ப் பொறி காட்டும் வன்பொருள் என்றும் ஒருதன்மைத்தாதலின், கீழுள்ள பொறி மாறினும் மேலுள்ள முறைமை அம்மாற்றத்தை உணராது.

விண்டோஸ் சேர்வர் 2008 இயங்கும் பழைய பொறியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் தரவுகள் அனைத்தையும் வேறோரிடத்திற் காப்புப்படியாக எடுத்தல் வேண்டும். மெய்நிகர்க் கட்டுப்படுத்திக்குரிய இயக்கி ஆயத்தமாயுள்ளதா என நோக்குக. பின்னர், 2009இல் வெளிவந்த டிஸ்க்2விஎச்டி போன்ற கருவியால் விம்பத்தை வேறொரு தட்டில் எழுதலாம். இக்கருவி, பொறி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே ஒரு கணத்தின் நிலையை நிழற்படியாகப் பற்றிக்கொள்ளும். ஆயின், அக்கணத்திற்குப் பின் பதியப்படுங் கணக்கு விம்பத்தில் இடம்பெறாது. ஆதலால், அலுவலர் வேலையை நிறுத்தியபின் விம்பம் எடுத்தலே தக்கது.

அளவும் நேரமும் கருதற்பாலன. விஎச்டி என்னும் கோப்புவகை 2040 கிகாபைற்று வரையே கொள்ளும். 2012இல் வந்த விஎச்டிஎக்ஸ் 64 தெராபைற்று வரை கொள்ளும். 500 கிகாபைற்று விம்பத்தைச் செக்கனுக்கு ஒரு கிகாபிற்று வேகமுள்ள வலையமைப்பில் அனுப்புதற்கு 4000 செக்கன், அதாவது ஒரு மணித்தியாலத்திற்கு மேல், குறைந்தபட்சம் ஆகும்.

விம்பத்தினின்று எழும் பொறியை முதலில் வலையமைப்பிற் சேராது சோதித்தல் வேண்டும். ஒரே பெயரும் ஒரே முகவரியுமுடைய இரு சேவையகங்கள் ஒருங்கே இயங்கின், சில பதிவுகள் பழையதிலும் சில புதியதிலுமாகப் பிரிந்து கணக்குக் குலையும். பயனர் அடையாளங்களைப் பேணுஞ் சேவையகங்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின், அவற்றை விம்பமாக மாற்றாது புதிதாக நிறுவுதலே நன்று. பொறியுடன் சேர்த்து விற்கப்பட்ட உரிமம் புதிய பொறிக்குச் செல்லுமா என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும்.

இத்துணையுஞ் செய்தபின்னரும் ஓர் உண்மையை மறத்தலாகாது. விம்பம் நிறையைப் போலவே குறையையும் உடன்கொணரும். விண்டோஸ் சேர்வர் 2008க்குரிய பொது ஆதரவு 2020 சனவரி 14இல் முடிவுற்றது. அதன் பாதுகாப்புக் குறைகள் புதிய பொறியிற் புகுந்ததனால் நீங்கா. ஆகவே, இடமாற்றம் நோய்க்கு மருந்தன்று. மருந்து தேடுதற்குக் கிடைத்த அவகாசமே. அன்றியும், பல சேவையகங்களை ஒரு பொறியில் ஏற்றின், அப்பொறி வீழும்போது அனைத்தும் வீழும். எனவே, விம்பத்தின் பிறிதொரு படியை வேறிடத்திற் பேணுதலும், ஒரு மாதக் கணக்காவது புதியதிற் செவ்வனே முடியும்வரை பழைய பொறியை அழியாது வைத்தலும் அறிவுடையார் செயலாகும். பொறி விலைக்கு மீளக் கிடைக்கும். இழந்த பதிவோ எவ்விலைக்குங் கிடையாது.