கால் முளைத்தது தண்ணீருக்குள்

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் பொருத்தப் போனால் முதலில் கேட்பது, "முழங்காலுக்கு மேலேயா, கீழேயா?" என்பதைத்தான். மேலே என்றால் ஓர் எலும்பு. கீழே என்றால் இரண்டு. மூட்டு மிஞ்சியதா இல்லையா என்பதில்தான் அதற்குப் பிறகு நாம் நடக்கும் விதமே தங்கியிருக்கிறது. எனக்கு மூட்டு மிஞ்சியது.

உயர்தர வகுப்புக்குப் பல வருடங்கள் உயிரியல் படிப்பித்தவன் நான். முதலில் ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு சிறிய எலும்புகளின் கூட்டம், கடைசியில் விரல்கள். இந்த ஒழுங்கைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். நமது கையிலும் காலிலும் இருப்பது இதுதான். ஆமையின் கால், காகத்தின் சிறகு, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு எல்லாவற்றிலும் இதே ஒழுங்குதான். சிலவற்றில் எலும்புகள் ஒட்டியிருக்கும், சிலவற்றில் விரல் குறைந்திருக்கும், அவ்வளவே. ஒருநாள் பிள்ளையொருத்தி பலகையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: "சேர், அப்ப மீன் ஏன் கரைக்கு வந்தது?"

அன்று நான் சொன்னது பழைய பதில். அமெரிக்க உயிர்ச்சுவட்டு ஆய்வாளர் அல்பிரட் ரோமர் சொல்லிப் பிரபலமான கதை அது. டெவோனியன் காலத்தில் வறட்சி வந்தது, குளங்கள் வற்றின. தடித்த செட்டை கொண்ட மீன்கள் தரையில் தவழ்ந்து அடுத்த குளத்தைத் தேடின. அப்படிப் பிழைத்தவற்றின் செட்டை காலாக மாறியது. ஆவணி மாதத்தில் வன்னிக் குளமொன்று வெடித்துக் கிடப்பதைக் கண்ட எவருக்கும் இந்தக் கதை உடனே பிடித்துவிடும். பிரச்சினை என்னவென்றால், கால் தரையில் நடப்பதற்காகத்தான் உண்டானது என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. பாறைகள் காட்டுவது வேறு. கால் முதலில் தண்ணீருக்குள் உண்டானது. நடை பிறகுதான் வந்தது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மிகுவாஷா என்ற இடத்திலிருந்து யூஸ்தெனொப்டெரோன் என்னும் மீனின் உயிர்ச்சுவடுகள் கிடைத்துள்ளன. வயது சுமார் 38 கோடி வருடங்கள். எல்லா வகையிலும் அது மீன்தான், கரைக்கு வந்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் அதன் செட்டைக்குள் பாருங்கள்: ஓர் எலும்பு, அதை அடுத்து இரண்டு. என் முழங்காலின் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

பெரிய திருப்பம் கிரீன்லாந்தில் கிடைத்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜெனி கிளாக் 1987இல் அங்கு சென்று, அகாந்தொஸ்டேகா என்னும் விலங்கின் நல்ல உயிர்ச்சுவடுகளைக் கொண்டுவந்தார். சுமார் 36.5 கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்தது. அதற்குக் கால் இருந்தது, விரலும் இருந்தது. முன்னங்காலில் எட்டு விரல்கள்! ஐந்து விரல் என்பது ஆதியிலிருந்தே வந்த சட்டம் என்று அதுவரை நம்பியிருந்தோம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. அதே விலங்குக்கு மீனைப் போல உட்பூக்கள் இருந்தன, வாலில் செட்டை இருந்தது, மணிக்கட்டும் கணுக்காலும் உடம்பின் பாரத்தைத் தாங்கக்கூடியனவாக இல்லை. காலும் விரலும் இருந்தும் அது தண்ணீரில் வாழ்ந்த விலங்கு. செடிகொடிகள் அடர்ந்த ஆழமற்ற நீரில் தள்ளி நகர்வதற்கும் அடியைப் பற்றி நிற்பதற்கும் கால் பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மீனுக்கும் இதற்கும் இடைப்பட்டது எங்கே? நீல் ஷுபின், டெட் டேஷ்லர் ஆகியோரின் குழு அதைத் தேடிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. எந்த வயதுப் பாறை வேண்டும், எப்படிப்பட்ட ஆற்றுப்படிவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். அது கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் வெளித்தெரிகிறது என்று கண்டு 1999இல் போகத் தொடங்கினார்கள். 2004இல், எல்ஸ்மியர் தீவில், பாறையிலிருந்து தட்டையான ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இன்று பனி மூடிய அந்த நிலம் அக்காலத்தில் மத்திய கோட்டுக்கு அருகே இருந்தது. அங்குள்ள இனுயிட் மூத்தோரிடம் பெயர் கேட்டார்கள். அவர்கள் தந்த பெயர் டிக்டாலிக், பெரிய நன்னீர் மீன் என்று பொருள். 37.5 கோடி வருடப் பழைமையானது. செதிலும் செட்டையும் உண்டு. ஆனால் தலை முதலையினது போலத் தட்டை, கண்கள் மேலே. செட்டைக்குள் மணிக்கட்டுப் போன்ற எலும்புகள். மீன்களில் தோள் எலும்பு தலையோடு இணைந்திருக்கும், டிக்டாலிக்கில் அந்த இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதாவது, கழுத்து! உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பது அங்கே தொடங்குகிறது.

இதையே நமது நேர்ப் பாட்டி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. போலந்தின் ஸஹெல்மியே கற்குழியில் சுமார் 39 கோடி வருடப் பழைமையான தடங்கள் கிடைத்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது. அவை காலடிகள்தானா என்ற வாதம் இருக்கிறது. காலடிகள் என்றால், கால் உள்ளவை டிக்டாலிக்குக்கு முன்பே நடமாடியிருக்கின்றன. டிக்டாலிக்கை ஒன்றுவிட்ட உறவு என்று சொல்வதே பொருத்தம்.

நுரையீரல் விடயத்திலும் இதே கதைதான். அது காலுக்கும் முந்தியது. வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் ஒட்சிசன் குறைவு, ஆகவே மேலே வந்து காற்றுக் குடித்த மீன்கள் பிழைத்தன. நம் குளத்து விரால் இன்றும் மேலே வந்து காற்றெடுக்கிறது. விராலின் உறுப்பு வேறு, அது நமது மூதாதையும் இல்லை. ஆனால் மீன் காற்றுக் குடிப்பது அதிசயமில்லை என்பதற்கு அது போதும். காதிலும் பழைய மீன் இருக்கிறது. மீனின் தாடையையும் பூ மூடியையும் தாங்கி நின்ற எலும்புதான் சுருங்கி, நமது நடுச்செவியில் ஏந்தியுருவாக ஒலியைக் கடத்துகிறது.

ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என் பதில் இதுதான்: மீன் கரைக்கு வரவேண்டும் என்று எதையும் ஆயத்தம் செய்யவில்லை. தண்ணீருக்குள் பிழைக்க உதவிய கால், கழுத்து, நுரையீரல் ஆகியவை ஏற்கெனவே இருந்தன. கரையில் செடிகளும் மரவட்டைகளும் பூச்சிகளும் அதற்கு முன்பே குடியேறியிருந்தன, அதனால் உணவும் இருந்தது. முட்டையிட மட்டும் பல கோடி வருடங்கள் தண்ணீருக்கே திரும்ப வேண்டியிருந்தது. தவளை இன்னும் திரும்புகிறது.

நன்றாக நடக்கும் பாதம் கடைசியாகத்தான் வந்தது. ஸ்கொட்லாந்தில் 1971இல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மீன் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். அதில் கால்கள் இருப்பதை ஜெனி கிளாக் 2002இல் விபரித்து, பெடர்பீஸ் என்று பெயரிட்டார். வயது சுமார் 35 கோடி வருடங்கள். அகாந்தொஸ்டேகாவின் பாதம் துடுப்புப் போலப் பக்கவாட்டில் நீண்டது. பெடர்பீஸின் பாதமோ முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. அடியெடுத்து வைப்பதற்கான பாதம் அது.

செயற்கைக் காலோடு தார் வீதியில் எனக்குக் கஷ்டமில்லை. கடற்கரை மணலிலும் வயல் வரம்பிலும்தான், இல்லாத அந்தச் சின்னச் சின்னக் கணுக்கால் எலும்புகள் என்ன வேலை செய்தன என்பது ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது.