'மிஸ் கேரளா'வுக்கு என்ன ஆச்சு? மீன் தொட்டியில் கூட்டம்.. ஓடையில் ஆபத்து!

கலர் மீன் கடைக்குப் போயிருந்தால் இந்த மீனைப் பார்த்திருப்பீங்க. வெள்ளி உடம்பு, மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலே கண்ணை உரசிக்கொண்டு பாதி உடம்பு வரை ஒரு சிவப்புக் கோடு. பெயர் டெனிசன் பார்ப். செல்லமாக 'மிஸ் கேரளா'. மலையாளத்தில் செங்கணியான்.

தொட்டியில் ஜோராக நீந்தும் இந்த மீன், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்-னின் சிவப்புப் பட்டியலில் 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற பிரிவில் இருக்கிறது. வங்கப் புலியும் இதே பிரிவுதான்!

எங்கே வாழ்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக்கடலை நோக்கி ஓடும் கேரள, தென் கர்நாடக ஆறுகளில் மட்டும். சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி போன்றவை. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது.

பெயரில் ஒரு மெட்ராஸ் கனெக்‌ஷனும் உண்டு. 1865-ல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய பிரான்சிஸ் டே, அப்போதைய மெட்ராஸ் கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார்.

சிக்கல் எப்போது ஆரம்பித்தது?

1997-ல் சிங்கப்பூரில் நடந்த 'அக்வாராமா' அலங்கார மீன் கண்காட்சியில், புதிய இனங்கள் பிரிவில் இதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அவ்வளவுதான், வெளிநாட்டு ஆர்டர்கள் குவிந்தன. பண்ணையில் அப்போது குஞ்சு பொரிக்க வைக்க முடியாததால், எல்லாமே ஓடையில் பிடித்த மீன்கள். 2005 முதல் 2012 வரை இதுவும், இதன் நெருங்கிய உறவான சாலக்குடி மீனும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதியானதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

கூட்டமாக நீந்துவதும் இதற்கு எதிரியாகிவிட்டது. கோடையில் ஓடை வற்றி, பாறைக்கு இடையே உள்ள மடுவில் தண்ணீர் தேங்கும். மொத்தக் கூட்டமும் அங்கேதான் ஒதுங்கும். ஒரு வலை போதும். போதாக்குறைக்கு அணைகள், மணல் கொள்ளை, தோட்டங்களிலிருந்து வழிந்து வரும் பூச்சிமருந்து, வெடி வைத்து மீன் பிடிப்பது வேறு.

தடை போடவில்லையா?

போட்டார்கள். 2008-ல் கேரள அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜூன், ஜூலை, அக்டோபரில் பிடிக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. முட்டையிடும் காலத்தைக் காப்பாற்றத்தான். ஆனால் பின்னர் நடந்த ஆய்வில், இந்த மீன் முட்டையிடுவது அக்டோபர் முதல் மார்ச் வரை என்று தெரியவந்தது. அதாவது, சினை மீன் நீந்தும் மாதங்களில் பெரும்பாலானவற்றில் கதவு திறந்தே கிடந்திருக்கிறது! நல்ல எண்ணம் மட்டும் போதாது, முதலில் மீனைப் படிக்கணும்.

இப்போது பண்ணையில் வளர்க்கிறார்களே?

ஆமாம், நல்ல செய்திதான். ஹார்மோன் ஊசி முறையில் கேரளாவிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார்கள். தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளும் உற்பத்தி செய்கின்றன. இதனால் ஓடைக்குப் பாரம் குறையலாம். ஆனால் கடைத் தொட்டியில் இருப்பது பண்ணை மீனா, ஓடை மீனா? பார்த்தால் தெரியாது. கடைக்காரரைக் கேட்டால்தான் உண்டு.

'அப்போ பண்ணைக் குஞ்சுகளை ஆற்றில் விட்டுவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. ஆற்றுக்கு ஆறு இந்த மீன்களின் மரபணு வேறுபடுகிறது. ஓர் ஆற்றின் வம்சத்தை இன்னோர் ஆற்றில் கலந்தால், பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனியே உருவான வகைகள் கலந்து காணாமல் போகலாம். எந்த ஆற்றுத் தாய் மீனின் குஞ்சோ, அந்த ஆற்றில்தான் விடணும்.