எந்தக் காகிதம் எத்தனை வருஷம்?

கூரியர் ஆபீஸிலோ ஸ்டேஷனரி கடையிலோ வாங்கும் வழவழப்பான சின்ன பில்லை, பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஃபைலில் செருகி வையுங்கள். சில மாதம் கழித்து எடுத்தால் தேதி மங்கியிருக்கும், தொகை பாதி தெரியும். இன்னும் சில மாதம் போனால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். தெர்மல் பில் எனப்படும் அதில் மை என்று ஒன்றும் கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அவ்வளவுதான். அதே ரசாயனத்தை வெயிலும், கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கும், சிலவகை பிளாஸ்டிக்கில் இருந்து கசியும் பொருள்களும் கெடுத்துவிடும். பாதுகாக்க என்று போட்ட உறையே பில்லை அழித்துவிடுவது இப்படித்தான்.

சட்டம் கேட்பது இதற்கு நேர் எதிர். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஒரு நிதியாண்டின் கணக்கையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கை எடுத்துக்கொள்வோம். ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 31 டிசம்பர் 2025. அப்படியானால் 2024 ஏப்ரலில் வாங்கிய ஒரு பெட்டி பேப்பரின் பில் 2031 டிசம்பர் வரை கையில் இருக்க வேண்டும். ஏழரை வருஷத்துக்கும் மேல். வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் அது முடிந்து ஒரு வருஷம் வரை என்று காலம் இன்னும் நீளலாம். இன்புட் கிரெடிட் எடுத்த பில் வெளுத்துப்போய்விட்டால், நோட்டீஸ் வரும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது.

கதீட்ரல் சாலைக்கும் அவ்வை சண்முகம் சாலைக்கும் இடைப்பட்ட கோபாலபுரம் போன்ற பகுதிகளில், குடியிருந்த வீட்டின் ஒரு தளத்தையே அலுவலகமாக மாற்றிக்கொண்ட ஆடிட்டர்களும் வக்கீல்களும் சிறு வியாபாரிகளும் உண்டு. நாலைந்து பேர் வேலை, ஒரு பிரிண்டர், சுவரோரம் பாக்ஸ் ஃபைல்கள். இப்படிப்பட்ட இடத்தில் பிரிண்டர் வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். இந்தக் காகிதம் எத்தனை வருஷம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். பிரிண்டர், பேப்பர், ஸ்கேனர் எல்லாவற்றையும் அந்தப் பதிலே முடிவு செய்துவிடும்.

தெர்மல் பில் வந்த அன்றே அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வைப்பது போதும். ஜெராக்ஸ் மிஷினிலும் லேசர் பிரிண்டரிலும் இருக்கும் டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. மின்னூட்டத்தால் அதை உருளையில் ஒட்டவைத்து, தாளுக்கு மாற்றி, சூட்டில் உருக்கி நார்களோடு பிணைக்கிறார்கள். செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செய்து காட்டிய முறையின் தொடர்ச்சி இது. தண்ணீர் பட்டால் தாள் நனையும், எழுத்து கரையாது. பல இங்க்ஜெட் பிரிண்டர்களில், அதிலும் சாய மை ஊற்றுபவற்றில், ஒரு சொட்டு பட்டாலே எழுத்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும். டேங்க் வைத்த இங்க்ஜெட்டில் ஒரு பக்கத்தின் செலவு மிகக் குறைவு என்பது உண்மைதான். கொட்டேஷனுக்கும் படம் போட்ட விளம்பரத் தாளுக்கும் அதுவே சரி. கையெழுத்திட்டுப் பத்து வருஷம் பூட்டி வைக்கும் ஒப்பந்தத்துக்கு லேசர்தான் வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸ் கிரீச்சிடும் சத்தம் இன்னும் ஓயாததற்கும் காரணம் இருக்கிறது. சரக்கு விற்பவர் இன்வாய்ஸை மூன்று பிரதியாகப் போட வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 48: வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஊசி நாடாவின் மேல் அடிக்கும் அடியில் மூன்று தாளிலும் ஒரே நேரத்தில் எழுத்து விழுகிறது. மூன்றும் ஒரே பில் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசை பிரிண்டர்களைப் பல கவுண்டர்களில் பார்க்கலாம். பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கார்பன் பிரதி வேண்டிய இடத்தில் லேசரால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

பேப்பரைப் பற்றி ஒரே வார்த்தை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையைக் கொண்டு செய்யும் காப்பியர் தாளோ, வேறு எதுவோ, கட்டைப் பிரித்ததும் காற்றின் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிரிண்டர் அடிக்கடி ஜாம் ஆவதற்குப் பாதிக் காரணம் இதுதான். தேவைக்குத் தகுந்தபடி கட்டைப் பிரித்து, மிச்சத்தை உறையிலேயே மூடி, தரையில் வைக்காமல் அலமாரியில் வைத்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் அவசியம் பல நேரம் வராது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளோடு ஆவணங்களும் போயின. இழந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு அந்த மாதமே சிறப்பு முகாம்கள் நடத்தியது. பட்டாவுக்கும் குடும்ப அட்டைக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் மூலப் பதிவு வேறொரு அலுவலகத்தில் இருந்ததால்தான் அது நடந்தது. ஒரு கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்துக்கு, ஆடிட்டரின் ஒர்க்கிங் பேப்பருக்கு, கையால் எழுதிய ஸ்டாக் நோட்டுக்கு எந்த முகாமிலும் நகல் கிடைக்காது. அலுவலகத்தில் உள்ள காகிதங்களை இந்த ஒரு கோட்டை வைத்தே இரண்டாகப் பிரித்துவிடலாம்: வேறெங்காவது பிரதி இருப்பவை, நம்மிடம் மட்டுமே இருப்பவை. இரண்டாவது வகை சிறியதாகத்தான் இருக்கும். அதற்கு மேல்தட்டு, அதற்கு முதல் ஸ்கேன். பல அலுவலகங்களில் நடப்பது தலைகீழ். எளிதாக ஸ்கேன் ஆகும் பேங்க் ஸ்டேட்மென்ட் நாலு இடத்தில் இருக்கும், கட்சிக்காரரின் கடிதம் கீழ்த்தட்டில் கிடக்கும்.

ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் 2013 ஆகஸ்டில் ஜெர்மனியில் வெளிவந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். டேவிட் க்ரீசல் என்ற கணினி ஆய்வாளர், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் மிஷினில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். மூன்று அறைகளின் பரப்பு மூலத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றுமே 14.13. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை, பளிச்சென்று தவறாக இருந்தது. கோப்பின் அளவைக் குறைக்க, ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளை ஒரே தடவை சேமித்து மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும் முறையை அந்த மிஷின் பயன்படுத்தியிருக்கிறது. அதில் 6 எங்கோ 8 ஆகவும் மாறியது. நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. எல்லா ஸ்கேனரும் இப்படிச் செய்யும் என்று அர்த்தமில்லை. ஆனால் இருப்பதிலேயே சிறிய கோப்பு அளவைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். 300 டிபிஐ, கிரேஸ்கேல் வைத்து, பிடிஎஃப் கையில் வந்ததும் கூட்டுத்தொகையையும் ஜிஎஸ்டி எண்ணையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே ஃபைலைக் கட்டுங்கள்.

ஸ்கேன் எடுத்ததும் மூலத்தைக் கிழிக்கலாமா? சாதாரண பில்லுக்குச் சட்டம் மின்னணுப் பதிவை ஏற்கிறது. உயிலும் டிரஸ்ட் பத்திரமும் அப்படி இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவற்றைத் தன் வரம்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. முத்திரைத்தாளில் ஈரக் கையெழுத்து விழுந்த எதையும் கிழிக்காதீர்கள். கோர்ட்டில் கணினிக் கோப்பைக் காட்டுவதென்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் எண்ணும் தர வேண்டும். கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் வைத்துக் கணக்கிடும் எண் அது. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்ஆப்பில் படமாகச் சுற்றி வந்த பில்லின் எண், ஸ்கேனரிலிருந்து நேராக வந்ததோடு ஒத்துப்போகாது. முதல் கோப்பைத் தொடாமல் வையுங்கள், அனுப்புவதற்கு அதன் பிரதி போதும்.

தமிழில் கடிதம் தட்டச்சு செய்யும் அலுவலகங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பைப் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாக வரும். எழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஒப்பந்தமும் உயில் வரைவும் பல அலுவலகங்களில் பழைய வடிவிலேயே கிடக்கின்றன. பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன் அவற்றைத் திறந்து, எழுத்துருவைச் சேர்த்துப் பதித்த பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். தேடவும் திருத்தவும் வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. கணினியில் கணக்கு வைத்தால் அதன் பேக்கப், தினமும், இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாத மென்பொருளும் வேண்டும்.

காலம் முடிந்த காகிதத்தை எடைக்குப் போடுவதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறோம். ஆதார் நகலும் பான் எண்ணும் கையெழுத்தும் உள்ள தாள்கள் பழைய பேப்பர் கடை வழியாக எங்கெங்கோ போகின்றன. அவை கட்சிக்காரர் நம்மை நம்பிக் கொடுத்தவை. நாம் விற்க உரிமை இல்லாதவை. ஒரு சிறிய ஷ்ரெட்டர் போதும். ஃபைல் அட்டையின் மேல் மூடும் தேதியோடு கிழிக்கும் தேதியையும் எழுதிவிட்டால், எந்த வருஷம் எதைக் கிழிப்பது என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை.

வாடகைக்கு எடுத்த பெரிய ஜெராக்ஸ் மிஷினைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் இதில் சேரும். பெரும்பாலான பெரிய மிஷின்களுக்குள் ஹார்டு டிஸ்க் உண்டு. ஸ்கேன் செய்தவற்றின் பிம்பம் அதில் தங்கலாம். நியூயார்க்கில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் குத்தகை மிஷின்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. அதிலொன்றை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாங்கிப் பார்த்தபோது நோயாளிகளின் விவரங்கள் உள்ளேயே இருந்தன. 2013-இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி விவகாரத்தை முடித்தது. மிஷினை வண்டியில் ஏற்றும் முன் மெனுவில் டிஸ்க்கை மேலெழுதி அழிக்கும் வசதி இருக்கிறதா என்று சர்வீஸ் ஆளைக் கேளுங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். அதை வாடகை ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.