கிளார்க்கும் கரணமும்: வேலை போனாலும் பெயர் போகவில்லை

சித்தூரிலும் திருப்பதியிலும் அலுவலகங்களில் பேனா பிடித்துப் பிழைக்கும் தமிழர்கள் பலர். ஊரார் அவர்களைக் ‘கிளார்க்’ என்பார்கள். வெள்ளைக்காரர்களிடையே அதுவே ஒரு குடும்பப் பெயர் என்பது சுவையான செய்தி.

இடைக்கால இங்கிலாந்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தேவாலயத்தைச் சார்ந்தவர்களே. குருமாரைக் குறித்த ‘கிளெரிகஸ்’ என்ற லத்தீன் சொல்லே ஆங்கிலத்தில் ‘கிளார்க்’ ஆயிற்று. நாளடைவில் கடிதம் எழுதுவோர், கணக்கு வைப்போர் யாவரையும் அச்சொல் குறித்தது. குருமாருக்குக் குடும்பம் ஏது என்று கேட்கலாம். கீழ்நிலைத் திருப்பணியாளர்கள் மணம் செய்துகொள்ளத் தடை இல்லை. ஆகவே பெயர் பிள்ளைகளுக்கும் இறங்கியது.

ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரியை யாரிடம் கேட்பது? கொல்லன் ஜான் ‘ஸ்மித்’. தையற்கார ஜான் ‘டெய்லர்’. எழுத்தர் ஜான் ‘கிளார்க்’. 14ஆம் நூற்றாண்டு வரிப் பட்டியல்களில் இத்தகைய பெயர்கள் ஏராளம். 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரும் இதுவே.

அமெரிக்கர்கள் வேலையைக் ‘கிளர்க்’ என்றும் பெயரைக் ‘கிளார்க்’ என்றும் பிரித்துச் சொல்வர். பிரிட்டனில் இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு. நம் நாவில் நிற்பது பிரிட்டன் வழக்கே.

இதற்கு இணையான பெயர் ஆந்திராவிலேயே உண்டு. கிராமக் கணக்கரைத் தெலுங்கில் ‘கரணம்’ என்பர். தமிழ்நாட்டில் அவர் கணக்குப்பிள்ளை. கர்ணம் என்றும் சொல்வதுண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கரணத்தான்’ கையெழுத்திட்டிருக்கிறார். பரம்பரையாக வந்த இப்பதவியைத் தமிழ்நாட்டில் 1980இல் எம்.ஜி.ஆர். அரசும், ஆந்திராவில் 1984இல் என்.டி.ராமராவ் அரசும் ஒழித்தன. பதவி போயிற்று, ‘இண்டி பேரு’ என்னும் வீட்டுப் பெயராகக் கரணம் நிலைத்துவிட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பளு தூக்கி வெண்கலம் வென்ற கரணம் மல்லேஸ்வரியின் பெயரே இதற்குச் சாட்சி.

தமிழர்களுக்கோ பெரும்பாலும் வீட்டுப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே உண்டு. இங்கே பள்ளி விண்ணப்பத்தில் ‘இண்டி பேரு’ என்ற கட்டம் வந்ததும் பெற்றோர் திகைக்கிறார்கள். ஒருவர் தகப்பனார் பெயரை நிரப்புகிறார். இன்னொருவர் சொந்த ஊரை எழுதுகிறார். மூத்த பிள்ளைக்கு ஒன்று, இளையவனுக்கு வேறொன்று என்றாகிவிடுவதும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், பின்னாளில் உத்தியோகத்துக்கும் பென்ஷனுக்கும் அலைச்சல்தான்.

எதை எழுதுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் பெற்றோர் கலந்து பேசி முடிவு செய்து, எல்லாப் பிள்ளைகளுக்கும், எல்லாக் காகிதங்களிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி எழுதுவது நல்லது. வரி எழுத வந்த யாரோ ஒரு குமாஸ்தா ஜானுக்கு இட்ட பெயர் அறுநூறு ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. இன்று விண்ணப்பத்தில் எழுதும் பெயரும் பேரன் பேத்தி காலம் வரை தொடரக்கூடும்.